லேபிளில் இல்லாத நோய்

பஸ் ஸ்டாண்டு இரைச்சலையும் மீறி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஜோதி மதினிக்கு,

நேற்று உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மெடிக்ளைம் பாலிசியைப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறதாம். உங்கள் ஆரோக்கியத்தில் அவர்களுக்கு மிகுந்த அக்கறையாம். உங்கள் இறப்புச் சான்றிதழை அந்தக் கம்பெனிக்கு நானே மூன்று முறை அனுப்பியிருக்கிறேன், மதினி. அண்ணன் கண்ணில் படுவதற்குள் வாங்கிக் கிழித்துப் போட்டேன். கிழித்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அந்தப் பாலிசியை உங்களுக்கு விற்றவள் நான்தான். ஏஜென்ட் வேலையில் சேர்ந்த புதிதில் யாரும் என்னிடம் கையெழுத்துப் போடவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த உங்கள் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து ஃபாரத்தை நீட்டினேன்.

"இதுல என்னத்தா கெடைக்கும்?" என்று கேட்டீர்கள்.

"ஆஸ்பத்திரியில படுத்தா கம்பெனி பாத்துக்கும் மதினி."

"நீ சொன்னாச் சரி" என்று போட்டுக் கொடுத்தீர்கள். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. நானும்தான் படித்திருக்கவில்லை. அதன்பின் ஒரு வருடமாவது தவணை தவறியதுண்டா? மொபைல் போன் வந்து பூத்தில் வியாபாரம் படுத்த பிறகும் தேதிக்கு முன்னால் கட்டியவர் நீங்கள்.

முதலில் வாயில் புண் வந்தபோது உடம்புச் சூடு என்று மோரைக் குடித்துக்கொண்டிருந்தோம். பிறகு முதுகிலும் மார்பிலும் கொப்புளங்கள். சேலை உரசினால் தோல் உரிந்து வந்தது. மதுரை டாக்டர்தான் பெம்பிகஸ் என்று பெயர் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோலைத் தின்கிற நோய். ஒரு வருடம் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கினீர்கள். முகம் ஊதியது, சர்க்கரை ஏறியது, புண் மட்டும் ஆறவில்லை.

அப்போதுதான் டாக்டர் அந்த ஊசியைப் பற்றிச் சொன்னார். "ரத்தத்துல வர்ற ஒருவகைப் புத்துநோய்க்குன்னு அனுமதி வாங்குன மருந்து இது. ஆனா இந்த வியாதிக்கும் நல்லாக் கேக்குது. நாங்களே பல பேருக்குப் போட்டிருக்கோம். வாரத்துக்கு ஒண்ணா நாலு ஊசி. இடையில நிறுத்தக் கூடாது."

விலையைக் கேட்டு அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற அந்த ஜீப்தான் அண்ணனின் பிழைப்பு. அதை விற்று இரண்டு ஊசி போட்டோம். கம்பெனி பணத்தைத் தந்ததும் மிச்ச இரண்டும் என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

ஊசி வேலை செய்யத்தான் செய்தது. ஒரு மாதத்தில் கொப்புளங்கள் காய ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "செல்வி, காரம் தெரியுதுத்தா!" என்று கத்தினீர்கள். எரிகிறது என்று சொல்லவில்லை. காரம் தெரிகிறது என்றுதான் சொன்னீர்கள். அண்ணன் அடுப்படியில் போய் நின்று அழுதது.

பிறகுதான் பணம் தர முடியாது என்று கம்பெனியின் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு முழுநாள் தங்கவில்லை என்றார்கள். தங்கிய ரசீதை அனுப்பினேன். உடனே காரணத்தை மாற்றினார்கள். தேனி ஆபீசுக்கு நேரில் போனேன்.

"எந்தெந்த வியாதிக்கு அனுமதின்னு போட்டிருக்கிற மருந்து லேபிள்ல இந்த வியாதி பேரே இல்லையேம்மா" என்றார் அந்த அதிகாரி. "அதுல இல்லாததுக்குக் குடுத்தா அது பரிசோதனை. பரிசோதனைக்கெல்லாம் நாங்க பணம் குடுக்க முடியாது."

"புத்துநோய் வந்திருந்தா குடுத்திருப்பீகளா?"

"குடுத்திருப்போம். அது லேபிள்ல இருக்குல்ல."

"அப்ப எங்க மதினிக்குப் புத்துநோய் வராததுதான் தப்பா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனிதர் என்று நினைத்திருப்பேன். "நீங்களும் ஏஜென்ட்டுதான, உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார்.

தெரியாதுதான். அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து உங்கள் பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். லேபிள் என்ற சொல் எங்குமே இல்லை, மதினி. பரிசோதனைச் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருந்தது. எது பரிசோதனை என்று யார் முடிவு செய்வது? எத்தனையோ பேரைக் குணமாக்கிய டாக்டரா, ஒரு கொப்புளத்தையும் கண்ணால் பார்க்காத ஆளா?

நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வருவதற்குள் மிச்ச இரண்டு ஊசி போடாமலே நாள் கடந்துபோய், வாய் மறுபடி வெந்துவிட்டது. சென்னையில் இருக்கிற கம்பெனி டாக்டரிடம் உங்கள் பூத்திலிருந்தே பேசினேன். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

"ஹலோ, நான் ஜோதி பேசுறேன். நோயாளி நாந்தான். தண்ணி குடிச்சாக்கூட ரத்தம் வருதுய்யா. மிச்ச ரெண்டு ஊசி போட்டாப் பொழச்சுக்கிருவேன்னு டாக்டரு சொல்றாக."

புண்ணுக்குள்ளிருந்து வந்த சொற்கள் குழறின. உதட்டோரம் ரத்தம். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது: "லைன் கிளியரா இல்லம்மா. வேற யாரையாச்சும் பேசச் சொல்லுங்க."

மேகமலையிலிருந்து இறங்கி வருகிற எஸ்டேட் ஜனங்களுக்கு நம்பர் போட்டுக் கொடுத்து, கேரளத்து முதலாளி என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்லி, அவர்களுக்காக மலையாளத்தில் சண்டையும் போட்ட குரல் உங்களுடையது. ரிசீவரை வைத்துவிட்டு பில் புத்தகத்தை இழுத்து எழுதினீர்கள்: "நான் பேசுனது ஒனக்காச்சும் வெளங்குச்சா?"

விளங்கியது மதினி, ஒவ்வொரு சொல்லும். அன்றைக்கு வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊசி இல்லாததால் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். உடம்பில் எதிர்க்கச் சக்தி இல்லாமல் போய், ஐப்பசி மழையில் சளி நெஞ்சுக்கு இறங்கியது. நாலே நாள்.

நீங்கள் போன பிறகும் நான் விடவில்லை. சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் விசாரணைக்குக் கூப்பிட்டார். அவர் கம்பெனிக்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "லேபிள்ல இல்லேன்னா பணம் கிடையாதுன்னு பாலிசியில எங்க இருக்கு?" அந்த ஆள் முன்னும் பின்னும் புரட்டினார். இல்லாத வரியை எங்கே போய்க் காட்டுவார்? போட்ட இரண்டு ஊசிக்கும் பணம் தரச் சொல்லி உத்தரவானது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மதினி. இந்த இரண்டு நிமிடத்துக்கா இத்தனை மாதம் அலையவிட்டார்கள்?

காசோலையை அண்ணனிடம் கொடுத்தேன். "இத வச்சு நான் யாருக்கு ஊசி போட?" என்று கேட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மேலும் கோபம் இருக்கும். இருக்க வேண்டியதுதான்.

ஏஜென்ட் வேலையை விட்டுவிட்டேன். போன வாரம் கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வீடு தேடி வந்தார். அவர் மனைவிக்கும் இதே நோயாம். அதே மதுரை டாக்டர் அனுப்பியிருக்கிறார். "லேபிள்ல இல்லேன்னு எங்களுக்கும் லெட்டர் வந்துருக்கும்மா. நீங்க ஜெயிச்ச உத்தரவுல ஒரு நகல் கெடைக்குமா?" என்றார்.

நகல் மட்டும் கொடுத்து அனுப்ப மனசு வரவில்லை. அவருடைய பாலிசியை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தேன். முறையீட்டை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை அவரோடு தேனிக்குப் போகிறேன். அதே அதிகாரி, அதே நாற்காலி. மாட்டேன் என்றால் எந்த வரிப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை எழுந்திருக்கமாட்டேன்.

நான் பாலிசி விற்ற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அன்றைக்கு நான் படிக்காததை உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இந்த முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன், மதினி.

உங்கள் நாத்தனார்,
செல்வி