கூடையைப் புரட்டிய நாய்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

இன்று மகள் செல்வியின் முயல் சாகப் பார்த்தது. கூண்டைக் கழுவி வெயிலில் வைத்திருந்ததால், முயலை முற்றத்தில் விட்டு மேலே மீன் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எங்கள் நாய் ராஜா மூக்கால் கூடையைப் புரட்டிவிட்டது. முயல் ஓடி ஆட்டுரலுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. காயம் இல்லை. எடுத்தபோது அதன் நெஞ்சு அடித்த அடி என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

"நாளைக்கே நாயை உடன்குடியில எங்க அண்ணன் தோட்டத்துல விட்டுட்டு வாங்க. இல்லன்னா நான் போறேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

"ரெண்டு பேரையும் ஒரே ஆட்டோவுல ஏத்தி விடுதேன்" என்றேன்.

செல்வி சிரிக்கவில்லை. "ராஜா நல்லதுல்லா? ஏம்ப்பா இப்படிப் பண்ணிச்சு?" என்று கேட்டாள்.

தினமும் சாயங்காலம் அதே கூடைக்கு அடியில் சாளை மீன் தலையை ஒளித்து வைத்து, ராஜாவைப் புரட்டச் சொல்லித் தெருவையே சிரிக்க வைத்தவன் நான்தான். அது முயலைத் தேடவில்லை, தன் தீனியைத் தேடியது. வீட்டுக்காரியும் செல்வியும் வீட்டுக்குள் இருக்கிற நேரத்தில்தான் தெருவில் இந்த விளையாட்டு. அதனால் அவர்களுக்குத் தெரியாது.

ஊரையே கேலி செய்கிற வாய்க்கு இதைச் சொல்ல வரவில்லை. காலையில் சொல்லலாம் என்றால், அதற்குள் ராஜாவை ஏற்றிப்போக வீட்டுக்காரி சொல்லி வைத்த ஆட்டோ வந்துவிடும். வீட்டுக்காரி இன்னும் பாத்திரம் கழுவிக்கொண்டுதான் இருக்கிறாள். எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன்.