வாழையடியில் திறந்த பள்ளம்

பின்கதவைத் திறந்தால் இப்போதெல்லாம் ஒரு மணம் வருகிறது. ஈரக் கல்லின் மணம். வெயிலே படாத இடத்துக் காற்றின் மணம். பதினொரு நாட்களுக்கு முன்னர், மழை விட்ட காலையில், நம் பின்வளவில் வாழைகள் நின்ற இடம் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. ஆறடி அகலம் இருக்கும். ஆழம் எனக்குத் தெரியாது. கிட்டப் போகக் கூடாதென்று மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள். மூன்று வாழைகளும் குலையோடு போய்விட்டன.

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அந்த நாடாவை மதித்திருக்க மாட்டீர்கள். குப்புறப் படுத்து எட்டிப் பார்த்திருப்பீர்கள்.

ஒக்லாந்துக்கு வந்த முதல் வருடம் சனிக்கிழமைதோறும் என்னை பஸ்ஸில் ஏற்றி ஒவ்வோர் எரிமலையாகக் காட்டினீர்கள். மற்றவர்கள் வேலை தேடினார்கள், நீங்கள் பள்ளம் தேடினீர்கள் என்று நான் குத்திக் காட்டியதுண்டு. யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் புவியியல் படிப்பித்தவருக்கு ஹென்டர்சனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலைதான் கிடைத்தது. சனிக்கிழமைகளில் மட்டும் நீங்கள் மறுபடியும் பழைய ஆளாக இருந்தீர்கள். புப்புக்கே ஏரிக்கரையில் நின்று, உருகிய பாறை மேலேறி வந்து நிலத்தடி நீரைத் தொட்டதையும், அந்த நீர் ஒரு கணத்தில் ஆவியாகி மேலிருந்த நிலத்தையே தூக்கி எறிந்ததையும் விவரித்தீர்கள். அப்படி வெடித்த குழியில்தான் இன்று வாத்துகள் நீந்துகின்றன. இந்த ஊரில் அடுத்த எரிமலை வாய் பழைய இடத்தில் திறக்காது, புதிதாக எங்கேயாவதுதான் திறக்கும் என்றீர்கள். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடத் தொடங்கினேன்.

"பயப்படாதேயும். வெடிச்சு வாற பள்ளம் நிலத்தை நடுக்கி, அறிவிச்சுப்போட்டுத்தான் வரும். இடிஞ்சு வாற பள்ளம்தான் சொல்லாமல் வரும்."

எரிமலைக் குழம்பு ஓடும்போது மேல்பக்கம் ஆறி ஓடாக இறுகிவிடும், உள்ளே இருப்பது வழிந்து போனதும் வெறும் குகை மிஞ்சும், என்றோ ஒருநாள் அந்தக் கூரை விழும் என்று விளக்கினீர்கள். நம் ஊர் நிலாவரைக் கிணறும் கூரை விழுந்த குழிதான். அங்கே நெருப்புக்குப் பதில் மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்தது. இவ்வளவையும் கேட்டவள்தான் நான்.

பிறகு மவுண்ட் ரொஸ்கிலில் இந்த வீட்டை வாங்கினோம். ஊரில் நம் வீடுகளில் கிணற்றடித் தண்ணீர் வாழைக்குத்தான் போகும். இங்கே உடுப்புத் தோய்த்த தண்ணீர் குழாய்க்குள் வீணாகப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. வாழை வைத்து, அதற்கொரு வாய்க்கால் வெட்டச் சொன்னேன். நீங்கள் அலவாங்குக் கம்பியால் பின்வளவைக் குத்திப் பார்த்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றீர்கள்.

"இஞ்சேரும், அதில கீழ கோறையா, பொந்தாக் கிடக்குது. சத்தம் வேற மாதிரிக் கேக்குது. தண்ணி விட வேண்டாம்."

நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலை செய்யப் பஞ்சியெண்டால் பஞ்சியெண்டு சொல்லுங்கோ. அதுக்குப் புவியியலை இழுக்காதேங்கோ. நீங்கள் இங்க வாத்தியார் இல்லை."

மறுநாள் வேலையால் வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், வாய்க்காலை வெட்டினீர்கள். ஓரத்துக்குக் கல் வைத்து, நூல் பிடித்ததுபோல. அதன் பிறகு சனிக்கிழமைப் பயணங்கள் குறைந்து, ஒருநாள் நின்றே போயின. ஏன் என்று நான் கேட்கவில்லை. வாழை குலை தள்ளியது. கோயிலில் பழம் கொடுக்கும்போதெல்லாம் இவர் வெட்டின வாய்க்கால் என்று எல்லோருக்கும் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் அந்தத் தண்ணீர் ஓடியது. அதில் கடைசி ஐந்து வருடம் நீங்கள் போனபிறகு ஓடியது.

பள்ளத்தைப் பார்க்க ஓர் இளம் பெண் பொறியியலாளர் வந்தாள். கயிற்றில் கமராவை இறக்கினாள். திரையில் கறுப்பாக ஒரு குகை வளைந்து போவது தெரிந்தது. கூரையின் வெடிப்புகளை அடைத்திருந்த மண்ணைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட்டது, இந்த மழை மிச்சத்தை முடித்துவிட்டது என்றாள். வாய்க்காலை யார் வெட்டியது என்று கேட்டாள். வெஸ்ட்கேட்டிலிருந்து ஓடி வந்திருந்த மகன், எனக்கு முந்திக்கொண்டு, அப்பா என்றான். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தான்.

"புவியியல் வாத்தியாருக்கே இது விளங்கேல்லையே, அம்மா."

கோயில் அறிவித்தலில் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்புகிறவள் நான். அன்று வாய் திறக்கவில்லை. நீங்கள் வேண்டாமென்று சொன்னதற்குச் சாட்சி யாருமில்லை என்பது எனக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்திருந்தது. கொன்வென்ட் பள்ளியில் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர், பேசாமல் இருப்பதும் பொய்தான் என்பார். ஒன்பது நாள் அந்தப் பொய்யோடு சாப்பிட்டேன், தேவாரம் பாடினேன்.

பத்தாம் நாள், நேற்று, அறிக்கை வந்தது. நிலத்தின் தன்மையை அறியாமல் வீட்டுக்காரர் வாய்க்கால் வெட்டியிருக்கிறார் என்று ஒரு வரி. நிலத்தை உங்களைப் போல் அறிந்த ஒருவரை நான் கண்டதில்லை. உடனே மகனை வரச் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தெரியும். வேண்டாமெண்டு சொன்னவர். நான்தான் வெட்டுவிச்சனான்."

"இப்ப ஏனம்மா இதைக் கிளறுறீங்கள்? அப்பாவுக்கு இனி என்ன வரப்போகுது?"

"எழுது," என்றேன்.

நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். அந்தப் பெண் இன்று மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறாள். வரியைத் திருத்திவிட்டாள். நீங்கள் எச்சரித்ததும், நான் கேளாமல் விட்டதும் இப்போது அறிக்கையில் இருக்கின்றன.

நேற்று எழுந்து போகும்போது மகன் ஒன்று கேட்டான். "வேண்டாமெண்டு சொன்ன மனுசன் பிறகு ஏன் வெட்டினவர்? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

ஞாபகம் இல்லை என்றேன்.