புகார் அனுப்ப வேண்டிய முகவரி

2025 ஜூன் 10, செவ்வாய். பெரம்பலூர்

கல்லூரி லேப் இரண்டில் ஏழு கணினி தானாக அப்டேட் போட்டுக்கொண்டு படுத்துவிட்டன. நாளை பிராக்டிகல். துறைத் தலைவர் வந்து, "என்ன செபஸ்டின், பாத்துட்டே இருக்கீங்க?" என்றார். நூறு சதவீதம் வரும்வரை பார்க்கத்தான் முடியும். வேறென்ன, மந்திரிச்சா விட முடியும்?

சாப்பாட்டு நேரத்தில் 'மடை' நிரல் இருக்கும் தளத்தைத் திறந்தேன். வேல்முருகன் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். முந்நூற்று நாற்பது வரி, ஒரே மூட்டை. எதை மாற்றினார், எதற்கு மாற்றினார் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. சோதித்துப் பார்த்த அடையாளமும் இல்லை.

மூன்று வருடம் முன்பு நான் ஒருவனாக ஆரம்பித்தது. வயலுக்குப் போகாமல் போனிலிருந்தே மோட்டாரைப் போட, நிறுத்த ஒரு பெட்டி. அதற்குள் ஓடும் நிரல்தான் மடை. யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தி அனுப்பலாம். சேர்ப்பதா தள்ளுவதா என்பது மட்டும் என் கையில். திருமானூர் பக்கம் முப்பத்தெட்டு பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கண்டதையும் ஏற்ற முடியாது.

அதன் கீழே எழுதினேன்: "இது நிரலா, பழைய இரும்புக் கடையா? காயில் சுத்துற வேலையோட நிறுத்திக்கலாம். எங்க நேரத்தை வீணாக்க வேண்டாம்." திருத்தத்தைத் தள்ளி மூடிவிட்டேன்.

அவருக்கு கங்கைகொண்ட சோழபுரத்தில் கருகின மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் கடை. நிரல் எழுதுவதை போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவர். நல்ல மனிதர்தான். அதற்காக?

ஜூன் 11

தேவயானி மேடம் போன் செய்தார். அரியலூரில் ஐ.டி.ஐ. ஆசிரியை. மடையில் என் அளவுக்கு உழைப்பவர் அவர் ஒருவர்தான்.

"செபஸ்டின், நீங்க எழுதுனத எடுத்துடுங்க."

"தப்பா என்ன மேடம் எழுதிட்டேன்? முந்நூத்தி நாப்பது வரிய ஒரே மூட்டையா அனுப்பலாமா?"

"அனுப்பக் கூடாது. அத மட்டும் எழுதிருக்கலாம்ல? அவரு தொழில ஏன் இழுத்தீங்க? ஊரே படிக்குது அத."

இப்படிச் சேர்ந்து நிரல் எழுதும் இடத்தில் எல்லாம் இதற்கு விதி வைத்திருக்கிறார்கள், எப்படிப் பேசலாம், எப்படிப் பேசக்கூடாது என்று. நமக்கும் ஒன்று வேண்டும் என்றார். சரி, எழுதுகிறேன் என்றேன். எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை.

ஜூன் 15, ஞாயிறு. ஏலாக்குறிச்சி

பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவன் மதியத்துக்குள் முடித்துவிட்டேன். ஏழு விதி. இங்கிலீஷில் நீளநீளமாக நிறைய கிடக்கிறது. எடுத்துப் போட்டால் ஒருத்தரும் படிக்கமாட்டார்கள். அதனால் நானே எழுதினேன். மூன்றாவது விதி எனக்கே பிடித்திருக்கிறது: "ஒருவர் என்ன தொழில் செய்கிறார், எங்கே படித்தார் என்பதை வைத்து அவர் அனுப்பியதை எடைபோடக் கூடாது." யாரை நினைத்து எழுதினேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழைய கமெண்டை எடுக்கவில்லை. விதி வருமுன் எழுதியது அது. முன்தேதி போட்டுச் சட்டம் செல்லாது.

கடைசியில் ஒரு வரி வேண்டும்: விதியை மீறியவர் மேல் புகார் தர எழுத வேண்டிய முகவரி. என் மின்னஞ்சலைப் போட்டேன். புகார் ரகசியமாக வைக்கப்படும் என்றும் சேர்த்தேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "ஞாயித்துக்கெழம கூட என்னடா எழுதுற?" என்றது. மரியாதையா எப்படிப் பேசணும்னு விதி எழுதுறேன் என்றேன். "நீயா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பை இறக்கப் போய்விட்டது.

ஜூன் 16

விதிகளை ஏற்றிவிட்டேன். பதினொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். வேல்முருகன் காட்டவில்லை.

ஜூலை 2

இதுவரை ஒரு புகாரும் இல்லை. விதி வேலை செய்கிறது.

ஜூலை 19, சனி

காலை ஆறு மணிக்குத் திருமானூரிலிருந்து கண்ணையன். மடைப் பெட்டியை முதன்முதலில் வாங்கி மாட்டியவர்.

"தம்பி, ஒங்க பெட்டி மோட்டார நிறுத்தலைங்க."

"போன்ல நிறுத்துனீங்களா?"

"நிறுத்திட்டுத்தான் படுத்தேன். நின்னுடுச்சுன்னு மெசேஜும் வந்துச்சு. விடிஞ்சு போயி பாக்குறேன், போரு வத்திப்போயி மோட்டாரு சும்மா சுத்திக்கிட்டு கெடக்கு. தொட முடியல, கொதிக்கிது. கருகுன வாடை."

கரண்ட் மூன்று முறை போய்ப் போய் வந்திருக்கிறது. அந்தக் குழப்பத்தில் பெட்டி தான் நிறுத்தியதையே மறந்து மோட்டாரைப் போட்டுவிட்டிருக்கிறது. காயில் போச்சு. நட்டு ஒன்பது நாளான பயிர். காயில் கட்டும் கடையில் நான்கு நாள் ஆகும் என்கிறார்கள். பக்கத்து வயல்காரர் ஒரு நாள் தண்ணீர் விடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். மீதி மூன்று நாள்?

என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதிலாவது சொல்லியிருப்பேன்.

ஜூலை 20

இன்னும் முப்பத்தேழு பெட்டி. எல்லாவற்றிலும் இதே நிரல். எல்லோருக்கும் போன் செய்து, இப்போதைக்குப் போனை நம்பாதீர்கள், கையால் நிறுத்துங்கள் என்று சொன்னேன். ஒருவர், "அப்பறம் பெட்டி எதுக்குங்க?" என்றார். சரியான கேள்வி.

மடைக் குழுவில் விவரம் போட்டு உதவி கேட்டேன். பதினொரு பேர் படித்ததாகக் காட்டுகிறது. பதில் இல்லை. ஒன்றுகூட இல்லை.

ஏனோ தோன்றியது, வேல்முருகன் அனுப்பியதை மறுபடி திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிக்கு மேல் தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறார்: "கரண்டு வந்த ஒடனே நம்பக் கூடாது. மூணு ஃபேஸ் கரண்டும் வந்து ரெண்டு நிமிஷம் நிக்கணும். கடைக்கு வர்ற கருகுன மோட்டாருல பாதி இப்படித்தான் வருது."

கருகின மோட்டாரைக் கையில் பிரித்துப் பார்க்கிற மனிதர் எழுதினது. நான் ஒரு வரி படிக்கல. மூட்டையப் பாத்தேன், தள்ளிட்டேன். நாப்பது நாள் என் கண்ணு முன்னாடியே கிடந்திருக்கு.

ஜூலை 21

அவருடையதை அப்படியே ஏற்ற முடியாது. அதற்குள் நிரல் எவ்வளவோ மாறிவிட்டது. நானே எழுதிப் பார்த்தேன். நான்கு முறை. ஒரு ஃபேஸ் போனால் சரியாக நிற்கிறது. மூன்றும் போய் வந்தால் மறக்கிறது. லேப் பிளக்கில் ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்ப்பதும் வயல் கரண்டும் ஒன்றில்லை.

ஜூலை 22

வேல்முருகனுக்குப் போன் செய்தேன். எடுத்தார்.

"சொல்லுங்க சார்."

சார். மூன்று வருடமாக என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, அந்தத் திருத்தத்தக் கொஞ்சம் புதுசு பண்ணி அனுப்புறீங்களா? சின்னச் சின்னதாப் பிரிச்சு?"

"பிரிச்சாச்சுங்க சார். சோதிச்சும் பாத்தாச்சு."

"அனுப்பலையே?"

"அது இப்ப அங்க இல்லைங்க சார். தேவயானி மேடத்துட்ட கேட்டுக்கங்க." வைத்துவிட்டார்.

ஜூலை 23. அரியலூர்

அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். ஐ.டி.ஐ. எதிரே டீக்கடை. மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"நாங்க அஞ்சு பேரு தனியாப் போயிட்டோம். புதுமடைன்னு பேரு. வேல்முருகன் எழுதுனது அதுல இருக்கு. பதினெட்டு நாளா என் தம்பி வயல்ல ஓடுது."

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே மேடம்? புகார் எழுதிருக்கலாமே? அதுக்குத்தானே விதி போட்டேன்?"

"எழுதுனா யாருட்ட வரும்?"

"என்ட்ட."

"யாரு மேல புகாரு?"

டீயைக் கீழே வைத்தேன்.

"ஒங்களப் பத்தி ஒங்களுக்கே எழுதிப் போட்டு, நீங்களே ரகசியமா வச்சுக்குவீங்க. நல்ல விதிங்க செபஸ்டின்." அவர் சிரிக்கவில்லை. கடைக்காரர்தான் சிரித்தார், என்ன புரிந்ததோ.

அஞ்சு பேரும் எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் பேசியிருக்கிறார்கள். வேல்முருகன்தான், "வேணாம், அது படிச்ச புள்ள, மூஞ்சி சுருங்கிப்போவும்" என்றாராம். எனக்காக யோசித்திருக்கிறார்! நான் அன்றைக்கு, புகாரே இல்லை, விதி வேலை செய்கிறது என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 24

கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. என் நிரலைத் தூக்கிக்கொண்டு போக இவர்கள் யார் என்று தோன்றுகிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான். எங்கள் உலகில் பிரிந்து போனால் பாகம் பிரிப்பது கிடையாது. முழுசையும் நகல் எடுத்துக்கொண்டு போகலாம். இருப்பவனுக்கு ஒரு வரிகூடக் குறையாது. ஆள் மட்டும் குறையும்.

ஜூலை 26

புதுமடையைத் திறந்து இரண்டு மணி நேரம் பிழை தேடினேன். ஒரு காற்புள்ளி கிடைத்தது.

அவர்களும் விதிகள் வைத்திருக்கிறார்கள். என் ஏழு விதி. ஒரு சொல் மாற்றவில்லை. கீழே "எழுதியவர்: செபஸ்டின்" என்று நன்றியும் போட்டிருக்கிறார்கள். புகார் முகவரி மட்டும் வேறு. இரண்டு பேருடையது; ஒருவர் மேல் புகார் என்றால் மற்றவருக்கு மட்டும் எழுதவும் என்று ஒரு வரி.

இந்த ஒரு வரி எனக்கு ஏன் வரலை? என் மேல ஒருத்தர் புகார் சொல்லுவாருங்கிற நெனப்பே வரலையே. அவ்வளவுதான்.

ஜூலை 28

அந்தக் கமெண்டை எடுக்கப் போனேன். மேல்பார்வைக்கு எடுக்கலாம். "திருத்தப்பட்டது" என்பதைச் சொடுக்கினால் பழையது அப்படியே நிற்கும். ஐந்து பேர் மின்னஞ்சலுக்கும் அது அன்றைக்கே போயிருக்கும். எதுவும் காணாமல் போகக்கூடாது என்றுதான் இதையெல்லாம் இப்படிக் கட்டியிருக்கிறோம்.

எடுக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: "மேலே நான் எழுதியது தவறு. இந்தத் திருத்தம் சரி. நான் படிக்காமல் தள்ளினேன்."

யாரும் கட்டைவிரல் காட்டவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. கங்கைகொண்ட சோழபுரம்

நேரில் போனேன். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறும்போதே பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். வேல்முருகன் கடையில் மோட்டாரைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். உக்காருங்க."

"அண்ணே, அன்னைக்கு நான் எழுதுனது—"

"காயில் சுத்துற வேல இருக்குங்க சார். சாயங்காலம் மூணு மோட்டாரு குடுக்கணும்."

தலை நிமிராமல்தான் சொன்னார். என் வாக்கியம்தான் அது. டீ வரவழைத்துக் கொடுத்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களிடம் எல்லாம் சிரித்துப் பேசினார். "யாருண்ணே இது?" என்று ஒருவர் கேட்டதற்கு, "பெரம்பலூரு சாரு, கம்ப்யூட்டரு" என்றார்.

மன்னிச்சுடுங்கண்ணே என்று எழுந்தபோது சொன்னேன். அவருக்குக் கேட்டது. கை நிற்கவில்லை. நான் வாசலைத் தாண்டினபிறகு பின்னாலிருந்து சொன்னார்: "பெட்டியில ஏத்துறதுன்னா மெயின் சுவிட்ச எறக்கிட்டு ஏத்துங்க சார். பழச முழுசா அழிச்சுட்டு."

புதுமடையை ஏற்றுவேன் என்று நான் சொல்லவே இல்லையே.

ஆகஸ்ட் 5

மடையின் முகப்பில் போட்டுவிட்டேன்: "இங்கே இனி திருத்தங்கள் சேர்க்கப்படாது. புதுமடைக்குச் செல்லவும்." மூன்று வருடம். எழுத மூன்று நிமிடம் ஆனது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. திருமானூர்

காலையிலிருந்து வயல் வயலாக. மெயினை இறக்கி, பெட்டியைத் திறந்து, பழையதை முழுசாக அழித்து, புதுமடையை ஏற்றி, மூடி, போனில் போட்டுக் காட்டி, நிறுத்திக் காட்டி. ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம். மதியத்துக்குள் ஆறு.

ஏழாவது கண்ணையனுடையது. மோட்டார் காயில் கட்டி வந்து மாட்டியிருக்கிறார். பயிர் மேட்டுப் பக்கம் ஒரு பாய் அகலத்துக்குக் காய்ந்து போயிருக்கிறது, மற்றது தேறிவிட்டது. ஃபியூஸைப் பிடுங்கி மாட்டி, பிடுங்கி மாட்டி மூன்று முறை கரண்டைப் போக்கிக் காட்டினேன். இரண்டு நிமிடம் பெட்டி சும்மா இருந்தது. நிறுத்தினது நிறுத்தினபடியே இருந்தது.

"இப்ப கரெக்டா நிக்குதே! எப்புடி தம்பி சரி பண்ணீங்க?"

"நான் பண்ணலைங்க. வேல்முருகன்னு ஒருத்தரு. சோழபுரத்துல மோட்டாரு கடை வச்சிருக்காரு."

"மோட்டாரு கடைக்காரரா? அப்ப சரியாத்தான் இருக்கும்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "அவரு நம்பரச் சொல்லுங்க. இனிமே ஏதாச்சும்னா அவருக்கே அடிச்சுக்குறேன். ஒங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

சொன்னேன். பதிந்துகொண்டு, சரிதானா என்று ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டினார். சரிதான் என்றேன்.

இன்னும் முப்பத்தோரு பெட்டி இருக்கிறது.