டெண்டர் கவரில் குங்குமம்

முத்தியால்பேட்டை
ஆகஸ்ட் 1978

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு ஆதிலட்சுமி வணங்கி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கு சுகம். காரைக்கால் ஆஸ்பத்திரியில் உங்கள் கால்கட்டை அவிழ்த்தாயிற்றா?

அரசு விடுதிக்குப் பால் ஊற்றும் டெண்டரைத் திறக்கத் திங்களன்று கவர்களை மேசையில் வைத்தார்கள். நமக்குப் போட்டியாக மூன்று. மூன்றிலும் ஒரே மூலையில் ஒரே மாதிரி குங்குமம், சூசைநாதன் கம்பெனி கவரிலும்கூட. மாதா கோயிலுக்குப் போகிறவர் குங்குமமா வைப்பார்? மூன்றும் ஒரே ஆள் போட்டதுதான்.

“சாட்சிக் கையெழுத்துப் போடும்மா,” என்றார் அதிகாரி.

“மூணு கம்பெனிக்கும் ஒரே விரலா சார்? நான் போட மாட்டேன்.”

முகம் கறுத்து, கவர் திறப்பதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்.

பயப்பட ஒன்றுமில்லை. டெண்டர் கைவிட்டுப் போனால்தான் பசுக்களை விற்க வேண்டும். அதனால் கவரை யாரும் மாற்றாமலிருக்க ஆபீஸ் வாசலிலேயே இராப்பகலாக உட்கார்ந்திருக்கிறேன், படுக்கையும் இங்கேதான். தலையணைக்கு உறையில்லை, உங்கள் பழைய சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். ஆபீஸ் திறக்கும் நேரம், கவரைப் பார்க்க உள்ளே ஓடுகிறேன்.

ஆதிலட்சுமி