லோக்கலா லைனா

வைகாசி 3, திங்கள்

காலையிலேயே நல்ல வெயில். டவுன் பஸ்ஸில் நின்றபடியே சுங்குவார்சத்திரம். கம்பெனி யார்டில் முதல் நாள்.

கொடுத்தவை: காக்கிச் சட்டை இரண்டு (ஒன்று வேறு யாருக்கோ தைத்தது). தடித்த கையுறை. குல்லா வைத்த கம்பளிக் கோட்டு. திரும்பும்போது கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா, ஊட்டிக்குப் போறியா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

வண்டி அழகு. வெள்ளைப் பெட்டி, உள்ளே ஐஸ்கிரீம். கேபினுக்கு மேலே தலைப்பாகை மாதிரி குளிர் மிஷின். அதற்குத் தனி இன்ஜின், தனி டீசல். லாரியை நிறுத்தினாலும் அது பாட்டுக்கு ஓடும். இப்போதும் காதுக்குள் ஓடுகிறது.

வேலை பழக்குபவர் தஸ்தகீர் பாய், ஆற்காட்டுக்காரர். நீளப் பெயர், இனி பாய். என்னைவிட நாலைந்து வயது கூட இருப்பார். பேச்சு என்பதே இல்லை. இன்று முழுவதும் என்னிடம் சொன்னது: "ஏறு." "எறங்கு." "கதவத் தொடாதே."

என்னோடு சேர்ந்த இன்னொருவன் முருகன், தென்னேரி. முன்பு டிராக்டர் ஓட்டியவன். லாரியையும் அப்படியே ஓட்டுகிறான்.

வீடு. சோறு, ஊறுகாய். பாப்பா உயரத்துக்குச் சுவரெல்லாம் கலர் பென்சில் கிறுக்கல். வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார். அடிக்க மாட்டேன்.

வைகாசி 5, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது.

பாயோடு பூந்தமல்லி போய் வந்தேன். பேச்சில்லை. டீக்கடையில் அவருக்கு ஒரு மூலை, எனக்கு ஒரு மூலை.

செல்வி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. கோபித்துக்கொண்டு போகவில்லை, பயந்துகொண்டு போனாள். நான் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை ஓட்டைப் பிரித்துத் திருடன் இறங்கினான். பாப்பாவின் வாயைப் பொத்திக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் விடியும் வரை உட்கார்ந்திருந்தாள். நான் அன்றைக்குத் திருப்பதியில். அதிலிருந்து நான் இல்லாமல் ஒரு ராத்திரி கூட இந்த வீட்டில் படுக்க மாட்டாள். குறை சொல்ல முடியாது.

இந்த வேலை கிடைத்ததும் போனில் கேட்டாள், லோக்கலா, லைனா என்று. லோக்கல் என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் வீடு. லைன் என்றால் வெளிமாநிலம், போனால் பத்து நாள், பதினைந்து நாள். பயிற்சி முடிந்துதான் சொல்வார்கள் என்றேன்.

"அப்ப முடியட்டும். லோக்கலுன்னா சொல்லு, பெட்டியத் தூக்கிக்கினு வரேன். லைனுன்னா நான் எங்கம்மா வூட்லயே கீறேன். அதுவரிக்கும் நீ இங்க வந்து நிக்காதே, மாமியார் வூட்டுச் சோத்துக்கு வந்துட்டான்னு பேசுவாங்க."

ஆக, லோக்கல் என்றால் செல்வி, பாப்பா, குழம்பு, சண்டை எல்லாம். லைன் என்றால் ஊறுகாய். எவனை எதில் போடுவது என்று மேனேஜரிடம் சொல்வது பாய்தான்.

வைகாசி 8, சனி

மானம் போன நாள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நிறுத்திவிட்டு பாய் டீ குடிக்கப் போனார். நான் கேபினில். திடீரென்று மேலே மிஷின் சத்தம் நின்றது. ஒரே அமைதி. போச்சு, மிஷின் படுத்துவிட்டது, லோடு போச்சு என்று ஓடிப்போய்ப் பின் கதவை அகலத் திறந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. வெள்ளைப் புகை என் காலடியில் வழிந்து ரோட்டில் போனது. அழகாக இருக்கிறதே என்று வேறு பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாய் கிளாஸோடு ஓடி வந்தார். முதல் முறையாக நீளமாகப் பேசினார்.

"அரே, மூடுய்யா! வேண்டிய குளுரு வந்துட்டா அது தானா நிக்கும். சூடு ஏறனா தானா எழுந்துக்கும். நீ பூரா வெயிலயும் உள்ள வுட்டுட்டியே! கேட்டுக்கோ, நெஜமாவே ரிப்பேராயி நின்னாலும் தொறக்காதே. மூடிக்கினு இருந்தா பெட்டி அர நாளு தாங்கும். தொறந்தா அல்லாவே வந்தாலும் தாங்காது."

திட்டு வாங்கினேன். ஆனாலும் ஒருத்தர் என்னிடம் இவ்வளவு பேசினாரே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். என் பிழைப்பு இப்படி ஆகிவிட்டது.

வைகாசி 9, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்.

திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மளிகைக் கடை. அந்த அண்ணாச்சி போன்தான் பி.பி. நம்பர். போட்டால் அவர் தெருவில் இறங்கிக் கூப்பிடுவார்.

"இரு பா, குரல் குடுக்கறேன்." மீட்டர் ஓடியது. யாரோ சீரகம் கேட்டார்கள். திரும்பி வந்தார். "கை வேலயா கீதாம். சேதி இன்னான்னு கேக்குது."

"சேதி ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சும்மா பேசலாம்னு."

"சேதி வந்தா சொல்லச் சொல்லிச்சி பா."

பாப்பா குரலாவது பின்னால் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தேன். சீரகம்தான் கேட்டது.

வெளியே வந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ரொம்பத் தனியாக இருக்கிறது. இதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

வைகாசி 11, செவ்வாய்

கருட சேவை. ஊருக்குள் லாரி வர முடியாது, மதியம் வந்தால் போதும் என்றார்கள்.

விடிவதற்குள் கூட்டம் நெரிசல். போன வருஷம் பாப்பா என் தோள்மேல் உட்கார்ந்து என் முடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கழுத்து வலிக்கிறது, இறங்கு என்று நான் சத்தம் போட்டேன். இந்த வருஷம் ஒரு வலியும் இல்லை.

பின்னால் ஒரு அம்மா: "ஏம்பா, தனி ஆளுதானே, இன்னாத்துக்கு முன்னால நிக்கிற? புள்ளைங்களுக்கு வழி வுடு."

விட்டேன். குடைதான் தெரிந்தது, பெருமாள் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் குடும்பத்தோடு போனார், கூட வரச் சொல்லித் தெலுங்கில் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டேன். அவர்கள் நடுவில் போய் நின்றால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

வைகாசி 14, வெள்ளி

வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

முருகன் லோடு இறக்கும்போது கதவைத் திறந்துபோட்டுவிட்டு பீடிக்குப் போய்விட்டான். பாதி லோடு இளகிவிட்டது. யார்டே கூச்சல். வேலை போயிற்று என்று அழுதான். மேனேஜர் ரூமிலிருந்து வெளியே வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி.

"லோக்கல்ல போட்டுட்டாங்கபா! லைனுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன்."

லோடு ஏற்றுகிறவர்கள் பேசிக்கொண்டது: "மக்கு டிரைவர தூரமா வுட முடியுமா? கண்ணு முன்னாலயே ஓட்டட்டும். கெட்டிக்காரனத்தான் லைனுக்கு அனுப்புவாங்க."

இது எனக்கு இதுவரை தெரியாது. இரண்டு வாரமாகக் கெட்டிக்காரனாக ஆவதற்குப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன்!

மதியம் ரிவர்ஸ் எடுக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக விட்டேன். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தலவலியா?" என்றார். சாயங்காலம் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். இவரை எப்படி ஏமாற்றுவது.

வைகாசி 18, செவ்வாய்

அனல் காற்று. வேலூர் லோடு.

காவேரிப்பாக்கத்தில் இருந்தே பாய்க்கு வாந்தி. வாலாஜாவில் ஒரு கிளினிக்கில் படுக்கவைத்து பாட்டில் ஏற்றினார்கள். "நிழல்ல நிறுத்தி வெய்யி, வரேன்" என்றார். ரோட்டோரம் புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

மிஷின் சத்தம் நின்றது. தானாக நிற்கிறது என்று பேசாமல் இருந்தேன். வெகு நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. பெட்டிமேல் இருக்கும் மீட்டர் முள் மெல்ல ஏறியது. ஏறிப் பார்த்தால் மிஷின் பெல்ட் அறுந்து தொங்கியது. எதிர் பெட்ரோல் பங்க்கில் கெஞ்சி யார்டுக்கு ஒரு போன். மெக்கானிக் கிளம்புகிறார் என்றார்கள். வேலூர் ஏஜென்சிக்கு ஒரு போன்.

மெக்கானிக்குக்கு முன்னால் ஏஜென்சி சூபர்வைசர் வந்துவிட்டார், ஒரு சாதா வேன், நாலு ஆள்.

"கதவத் தொற. மாத்திக்கினு போறோம்."

"தொறக்கக் கூடாது சார். மூடியிருந்தா தாங்கும்."

"நீ யாருய்யா, டிரைவரா?"

"டிரெய்னிங் சார்."

"டிரெய்னிங்கு எனக்குச் சொல்லித் தருதா? தொறய்யா!"

கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். சட்டையைப் பிடித்தார். நகரவில்லை. கத்திவிட்டு மேனேஜருக்கு போன் போட பங்க் பக்கம் போனார். நிழல் நகர்ந்தது. நிழலோடு வண்டியையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன்.

அப்போது தோன்றியது. இந்தத் தாழ்ப்பாளைத் தூக்கினால் போதும். லோடு இளகும். நானும் மக்கு. நானும் லோக்கல். செல்வி பெட்டியோடு வாசலில் நிற்பாள். சூபர்வைசர் சொல்லித்தானே திறந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டேன்.

பிறகு எடுத்துவிட்டேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. என்னை நம்பி ஒப்படைத்த ஒன்றை நானே கெடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

மெக்கானிக் வந்தார், பெல்ட் மாட்டினார், மிஷின் உறுமியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய் கிளினிக்கிலேயே இருக்க, நானே வேலூருக்கு ஓட்டினேன். இறக்கும்போது சூபர்வைசர் ஒரு பெட்டியைப் பிரித்து விரலால் குத்திப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை. ஒரு கப் ஐஸ்கிரீம் நீட்டினார். கேபினில் தனியாக உட்கார்ந்து தின்றேன். பாப்பா இருந்தால் பாதியைச் சட்டையில் ஊற்றியிருப்பாள்.

வைகாசி 20, வியாழன்

காற்று. யார்டு முழுக்கப் புழுதி.

பாய் தேறி வந்துவிட்டார். என் தோளைத் தட்டினார், முதல் தடவை. முகமெல்லாம் சிரிப்பு.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். டிரெய்னிங் முடிஞ்சிது உனக்கு. புது வண்டி! லைன்! நாக்பூர்! எனக்கே தரல அந்த வண்டிய. சனிக்கிழம கெளம்பு."

கேட்டே விட்டேன்.

"பாய், லோக்கல் கேட்டா தருவாங்களா?"

"அரே, லோக்கலா? அது முருகனுக்கு!" விழுந்து விழுந்து சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எதையும் சொல்ல முடியவில்லை.

மேனேஜரிடமே போனேன். வீட்டில் இப்படி என்று சொன்னேன். "ஒரே ஒரு டிரிப் போயிட்டு வாப்பா. நல்ல டிரைவர ஊருக்குள்ள வெச்சி வீணாக்க முடியுமா? வந்ததும் பேசலாம்" என்றார். மாட்டேன் என்றால் வேலையும் இல்லை, லோக்கலும் இல்லை.

எல்லோரும் கை கொடுத்தார்கள். முருகன் என்னைப் பொறாமையாகப் பார்த்தான். நான் அவனை.

வைகாசி 21, வெள்ளி

பூத். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன். லைன்தான், ஒரு டிரிப்தான், வந்ததும் மேனேஜர் காலில் விழுந்தாவது மாற்றிக்கொள்கிறேன் என்று. வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

"அதுங்க கோயிலுக்குப் போயிருக்குதுங்க பா. சேதி எதுனா வந்துச்சா?"

கடையில் நாலைந்து பேர் குரல். தெரு முழுக்க என் கதை தெரியும். அவர்கள் காதில் விழ லைன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"டிரெய்னிங் முடிஞ்சிடுச்சி, வேல கெடச்சிடுச்சின்னு சொல்லுங்க அண்ணாச்சி. மிச்சத்த நானே அதுகிட்ட பேசறேன்."

"அடி சக்க! சொல்றேன் பா, மொத வேலயா சொல்றேன்."

எடுத்துவைத்தவை: லுங்கி இரண்டு, சோப்பு, ஊறுகாய் பாட்டில், கம்பளிக் கோட்டு. கிளம்பும் முன் பேசிவிட வேண்டும்.

வைகாசி 23, ஞாயிறு

நாயுடுபேட்டை. ஆந்திரா. சாயங்காலம், மேகமூட்டம். லோடு தாமதம், இன்று மதியம்தான் யார்டிலிருந்து கிளம்ப முடிந்தது. நேற்று முழுவதும் யார்டு போனில் லைனே கிடைக்கவில்லை. இங்கே பூத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் புண்ணியத்தில் கற்ற தெலுங்கில் நம்பர் சொன்னேன்.

"அண்ணாச்சி, செல்விய கூப்புடுங்க. முக்கியமா பேசணும்."

"இன்னாபா நீ! அது காலையிலயே பஸ் ஏறிடுச்சே. பாப்பா, பெட்டி, பாத்திர மூட்ட, அல்லாத்தயும் நான்தான் ஏத்தி வுட்டேன். வேல கெடச்சிடுச்சின்னு சொன்னதும், லோக்கலுதான்னு ரெண்டு ராவா தூங்கல பா அது. மதியமே உன் வூட்டுக்கு வந்திருக்குமே! நீ இன்னும் வூட்டுக்குப் போவல?"

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"போ பா, சீக்கிரம் போ. வாசல்ல நிக்கப் போவுதுங்க."

வீட்டுக்கு ஒரே சாவி. என் இடுப்பில் இருக்கிறது.