வராது என்ற சொல்லின் வால்

அம்மணி,

இன்று காலை செல்வி தன் போனைக் கடை மேசைமேல் வைத்தபோது, அந்தப் புள்ளி வட்டத்தை மறுபடியும் பார்த்தேன். நம் ஆப்பில் போன செய்திதான். 'நாகலூருக்கு வண்டி வராது' என்று இருக்க வேண்டிய வரி. அதில் 'வண்டி' என்ற சொல்லின் முன்பாதி மட்டும் சிவந்து கிடந்தது. ண் எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி கழன்றுபோய், பொடிப்பொடிப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய 'ராது' மற்ற எழுத்துகளைப் போலக் கறுப்பாக இருந்தது.

செல்வியை உங்களுக்குத் தெரியும். நாகலூருக்கு மேலே கொஞ்சம் காப்பி, அதற்குள் மிளகுக் கொடி, அவ்வளவுதான் அவர் சொத்து. நேற்று அவரும் வீட்டுக்காரரும் காய்ந்த காப்பி மூட்டைகளைச் சுமந்து இறங்கி, ரோட்டு முனையில் என் கொள்முதல் வண்டிக்காக நின்றிருக்கிறார்கள். வண்டி என்பது சிவப்பாகத் தெரிந்ததால் கட்டாயம் வருகிறது என்று எடுத்துக்கொண்டாராம். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. களத்தில் பாடுபட்டுக் காயவைத்த கொட்டை மறுபடி ஈரமாகிவிட்டது. பூஞ்சை பிடித்தால் யாரும் வாங்க மாட்டார்கள். நானே வாங்க மாட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"வராதுன்னா வராதுன்னு சொல்லோணுமுங்க பாய். வண்டியச் சிவப்பாக் காட்டுனா நாங்க என்னன்னு நெனைக்கறது? இனி சேலத்துக்காரங்க வண்டிக்கே போட்டுக்கறோமுங்க. கோவிச்சுக்காதீங்க."

அவர் ஒருவர் போனால் அந்தச் சரிவு முழுக்கப் போகும். நாகலூர் போனால் அடுத்த ஊர். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? சந்தையில் பிறர் மூட்டையைத் தூக்கித்தான் ஒண்டிக்கடைப் பக்கம் இந்தக் காப்பி வாங்கும் கடையின் கதவைத் திறந்தேன். இந்த அறுவடையோடு அதைச் சாத்த வேண்டியதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்களைக் கேட்டால் கால்மணி நேர வேலை என்பீர்கள். கேட்க முடியவில்லை.

உங்கள் வேலை என்னவென்று முதலில் கேட்டபோது நான் சிரித்தது ஞாபகம் வருகிறது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள், பெங்களூர்க் கம்பெனிக்கு அப்பா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தே வேலை பார்க்கிறார் என்று ஊரே பெருமையாகப் பேசியது. என்ன வேலை என்றால், போன் திரையில் ஓடும் வரியில் எந்தச் சொல் தடித்திருக்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு நிறம், எதற்குக் கோடு என்று பார்ப்பதாம். இதற்கு ஒரு சம்பளமா அம்மணி என்றேன். நீங்கள் என் கையில் இருந்த காப்பிக் கொட்டையைப் பார்த்தீர்கள். "நீங்க குவியல்ல இருந்து ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கறீங்கல்ல, அதேதானுங்க பாய். உங்களுக்குக் கொட்டை, எனக்கு எழுத்து."

வண்டி எந்தெந்த ஊருக்கு எப்போது வரும் என்று சொல்ல ஒரு ஆப் செய்துகொடுத்தீர்கள். நல்ல ஆப். ஆனாலும் வராத நாளில் ஜனங்கள் மூட்டையோடு வந்து நின்றார்கள். படித்துப் பார்க்காமல் வருகிறார்கள் என்று நான் எரிந்து விழுந்தேன். நீங்கள் எரிந்து விழவில்லை. ரோட்டு முனைக்கே போய், செல்வியைச் செய்தியைப் படித்துக் காட்டச் சொன்னீர்கள். அவர் "வண்டி வர" என்று வாய்க்குள் முனகிவிட்டு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் படிப்பு.

திரும்பி வந்து கடை வாசலில் நின்றபடியே சொன்னீர்கள்: "நம்ம பாஷையில இல்லைங்கறது வால்ல இருக்குதுங்க பாய். வரும், வராது. ரெண்டுக்கும் தலை ஒண்ணுதான். ஆளுங்க தலையப் பாத்துட்டு மூட்டையத் தூக்கிடறாங்க."

அப்படியானால் முழு வரியையும் சிவப்பாக, பெரிதாகப் போட்டுவிடுங்கள் என்றேன். வியாபாரி புத்தி, பலகை என்றால் பெரிதாக இருக்க வேண்டும். நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. முழுவதையும் சிவப்பாக்கினால் ரெண்டு நாளில் கண் பழகிவிடும், அப்புறம் சிவப்புக்கு மரியாதை இருக்காது என்றீர்கள். வால் மட்டும்தான் சிவப்பு. அதுவும் வராத நாளில் மட்டும்.

முதல் தடவை நீங்களும் சறுக்கினீர்கள். 'வண்டி' பாதி சிவந்து, இதே புள்ளி வட்டம் எல்லார் போனிலும் வந்துவிட்டது. மறுநாள் கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேலி. ஏனுங்க பாய், உங்க வண்டிச் சக்கரம் எங்க போனுக்குள்ள கழண்டு கிடக்குதுங்களே, வந்து எடுத்துட்டுப் போறீங்களா என்று கேட்டார்கள். உங்களிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். பிறகு தாளில் எழுதிக் காட்டினீர்கள். நமக்கு 'ரா' ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு ர தனி, கால் தனி. 'ண்' என்றால் ண தனி, புள்ளி தனி. நாம் எண்ணுகிற மாதிரி எண்ணி இங்கிருந்து சிவப்பு என்று சொன்னால், அது வேறு இடத்தில் வெட்டிவிடும். எழுத்தின் காலையோ புள்ளியையோ பிய்த்தெடுத்தால் அதற்கு ஒட்டிக்கொள்ள உடம்பு வேண்டுமே, அதனால்தான் அந்த வெற்று வட்டம் வந்து நிற்கிறது என்றீர்கள். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டு, சொல்லையே தேடிப் பிடித்து அதன் வாலைச் சிவப்பாக்கும்படி மாற்றினீர்கள். அதன் பிறகு வராத நாளில் ரோட்டு முனையில் ஒரு மூட்டைகூட நின்றதில்லை.

வால் என்ன செய்யும் என்று எனக்கே தெரிந்தது நீங்கள் சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான். உங்கள் வீட்டுக்காரர் போனில் எழுதி அனுப்பியிருந்தார்: 'இன்னைக்கு ஊட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாம்.' நான் 'ஊட்டுக்கு அனுப்ப' வரை பார்த்தேன். அதற்கு மேல் கண் போகவில்லை. உடனே ஜீப்பில் பின்சீட்டு மேல் மெத்தை விரித்து, தலையணை வைத்து, வளைவுகளில் உங்களுக்குக் குலுங்கக் கூடாது என்று டிரைவரிடம் போகும்போதே பத்துத் தடவை சொல்லிக்கொண்டு சேலத்துக்கு மலை இறங்கினேன். வார்டில் உங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் திகைத்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் மட்டும், மூக்கில் குழாயோடு, சிரித்தீர்கள். "எங்க வீட்டுக்காரருக்கும் அந்தச் சிவப்ப மாட்டி உட்டிருக்கோணுமுங்க பாய்."

அந்த மெத்தையைக் காலியாகத்தான் மேலே கொண்டுவந்தேன். அதற்கப்புறம் உங்களைப் பேசிக் கேட்கவில்லை.

இப்போது நடந்தது இதுதான். நீங்கள் கண்ணை மூடிய பிறகு, நீங்கள் செய்த ஆப் புதுப் போன்களில் திறக்க மறுத்தது. நீங்கள் விட்டுப்போனதை அப்படியே பெங்களூரில் ஒருவரிடம் கொடுத்துப் புது ஆப்பாக மாற்றச் சொன்னேன். கெட்டிக்காரர்தான். ஆனால் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. நீங்கள் தேடிப் பிடித்த இடத்தில் அவர் கண்ணால் எழுத்தை எண்ணிப் போட்டுவிட்டார். செல்வியின் போனைப் படம் எடுத்து அனுப்பினேன். சிவப்பு வந்திருக்கிறதே, என்ன குறை என்று கேட்டார். நான் கால், புள்ளி, வால் என்று எனக்குத் தெரிந்த உடைந்த கன்னடத்தில் விளக்கினேன். நீங்கள் தாளில் எழுதிக் காட்டியதை நானும் எழுதி அனுப்பினேன். கடைசியில் அவர் பொறுமையிழந்து, நிறத்தையே எடுத்துவிட்டால் குழப்பம் தீரும், அல்லது முழு வரியையும் சிவப்பாக்கலாம், ரெண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றார். சேலத்தில் ஆப் செய்கிறவர்களைக் கேட்டுப் பார்த்தேன். செய்யலாம், ஆனால் புதிதாக எழுத வேண்டும், அறுவடை முடிந்துதான் கைக்கு வரும் என்கிறார்கள். அறுவடை முடிந்து எனக்கு எதற்கு?

நாளைக்கும் நாகலூருக்கு வண்டி இல்லை. பாதையில் மண் சரிந்திருக்கிறது. தப்பான சிவப்போடு இன்னொரு செய்தி போனால் எல்லாரும் மறுபடி மூட்டையோடு நிற்பார்கள். மழையும் நிற்கிற மாதிரி தெரியவில்லை.

எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன், அம்மணி. முழுச் சிவப்பு வேண்டாம், நிறமே வேண்டாம். மரியாதை இல்லாத சிவப்பை உங்கள் ஆப்பில் ஓடவிட எனக்கு மனசு வரவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து எடுத்துவிட்டார். நீங்கள் அத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்தது, நான் டீ குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது. இப்போது வரி வெறும் கறுப்பு. வராது என்பதும் வரும் என்பதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான்.

அதனால் மத்தியானத்திலிருந்து போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே. பாதிப் பேருக்கு சிக்னல் இல்லை. கிடைத்தவர்களிடம் 'வ' என்பதை மெல்லச் சொல்லி, 'ராது' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் எனக்குக் காது நல்லாக் கேட்குதுங்க என்றார். இன்னொருவர் வீட்டில் எதுவும் சண்டையா பாய் என்றார். செல்வி போனை எடுக்கவில்லை. மூன்று தடவை போட்ட பிறகு எடுத்தார்.

"நாளைக்கு வண்டி வ... ராதுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, "சரிங்க பாய், மூட்டைய எறக்கல" என்றார். சேலத்துக்காரர்களிடம் போடப்போவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தொண்டை கட்டிவிட்டது. நாளைக்கும் சொல்ல வேண்டும், அறுவடை முடியும்வரை சொல்ல வேண்டும். எவ்வளவு நாள் இந்தத் தொண்டை தாங்கும், யார் யார் போனை எடுப்பார்கள், எனக்குத் தெரியவில்லை. வாலை விட்டுவிடக் கூடாது என்பது மட்டும் தெரியும். இதோ, மத்தியானம் சிக்னல் கிடைக்காத மேலூர்க்காரர் திருப்பிப் போன் அடிக்கிறார். அந்த வாலை அவரிடமும் சொல்லிவிட்டு வருகிறேன்.