கார்த்திக்கின் செல்கள்

செப்டம்பர், திங்கள், இரவு.

பிள்ளையார் சிலைகளைக் கரைக்கும் கணபதி விசர்ஜனத்துக்காகச் சாலைகளை அடைத்துவிட்டதால் திரவ நைட்ரஜன் வண்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை. விடுமுறை முடிந்து இன்று காலை போய்ப் பார்த்தால் தொட்டி வறண்டு கிடந்தது. அதில் உறைய வைத்திருந்த செல்கள் எல்லாம் செத்துவிட்டன. கார்த்திக்கின் செல்களும்தான்.

தசைகளைத் தின்னும் அபூர்வ நோயால் போன வருடம் இறந்துபோன கோர்படி ரயில்வே காலனிப் பையன் அவன். நோய் தொடங்கியபோதே அவன் தோலிலிருந்து எடுத்த அந்தச் செல்களில்தான் நோயின் மூலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இனி யாரிடம் எடுப்பேன்? என் இத்தனை வருட வேலையும் அதோடு போயிற்று.

சாயங்காலம் அவன் அம்மா செல்வியிடம் நானே போய்ச் சொன்னேன். டீ போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள்.

"அவன் செல்லு இன்னும் உயிரோட இருக்குன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"ஆமா செல்வி, இருந்துச்சு..."

"அப்ப திதி எந்த நாளுல குடுக்கறது, அவன் போன அன்னிக்கா, இப்பவா?"

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எந்த நாளைச் சொல்வதென்று இப்போதும் தெரியவில்லை.